கரண்ட் வந்தால் வரும் வாடை

குழாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் ஆட்கள் கேட்டார்கள். உங்களில் பல பேருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும். வாசிக்க வருகிறவர் மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

எந்தக் குழாய்க்கு எந்தப் பசை, எவ்வளவு சரிவு வைக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது கையோடு வந்துவிடும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது யாங்கோனில் நான் வேலை செய்த பெரிய கட்டிடங்கள் அல்ல. அதே ஊரின் தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு தகரக்கூரை வீட்டின் பரணுக்குள் வியர்வையில் ஊறிக் கிடந்த ஒரு முற்பகல்தான். நான் தொழிலை விடுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன் நடந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு நான் இன்னும் நன்றிக்கடன் பட்டவன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

என்னைக் கூப்பிட்டவர் மா தீரி, அந்த வீட்டு மருமகள். பர்மியப் பெண். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து, பிறகு வீட்டின் முன்னறையிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் குமார் நம் தமிழர், போட்டாதாங் பக்கம் ஒரு கிட்டங்கியில் வேலை. குமாரின் அப்பா வீராசாமி ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. அவருக்காகவே அவர் அறையை ஒட்டி ஒரு கழிப்பறையும் குளியலறையும் புதிதாகக் கட்டியிருந்தார்கள். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, உட்கார்ந்து குளிக்க மேடை என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்திருந்தார்கள். பெற்றவர் மேல் பிரியம் இல்லாதவர்கள் அப்படிக் கட்ட மாட்டார்கள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை.

போனில் மா தீரி பர்மியத்தில்தான் பேசினார். தமிழில் எழுதுகிறேன். "ஊலே, வீட்டுல நாத்தம் அடிக்குது. குழாய்லேர்ந்து வர்ற நாத்தம்னு நான் நினைக்கிறேன். மத்தவங்க அப்படி நினைக்கல. இன்னிக்கே வந்து பாக்க முடியுமா?"

ஊலே என்றால் மாமா என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயதான ஆளை அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் 'இன்னிக்கே' என்று அவர் சொன்ன விதம் என்னை உடனே கிளப்பியது.

வாசலில் ஒரு பெட்டியும், கயிறு போட்டுக் கட்டிய மெத்தையும், மடித்து வைத்த சக்கர நாற்காலியும் இருந்தன. குமார் போனில் டாக்ஸிக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு சங்கடம்.

"வாங்கண்ணே. அப்பாவ டாலாவுக்குக் கூட்டிட்டுப் போறோம். அக்கா வீட்டுக்கு. விடிஞ்சதுமே கெளம்பியிருக்கணும், டாக்ஸி கெடைக்கல. இவ எதுக்கு உங்களக் கூப்பிட்டான்னே தெரியல."

"ஐயாவே போறேன்னு சொன்னாரா?"

"அவராத்தான் சொன்னார். ஆத்துக் காத்து வேணுமாம்."

டாலா எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆற்றைக் கடந்து, படகுத்துறையிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் மேடும் பள்ளமுமாகப் போக வேண்டும். அந்த அக்காவின் வீடு கம்பங்கள் மேல் நிற்கிற மூங்கில் வீடு. கழிப்பறைக்குப் பலகை மேல் நடந்து போக வேண்டும். அவரோ பகல் முழுக்கத் துறையில் வியாபாரம் செய்கிறவர். ஒரு காலை இழுத்து நடக்கிற பெரியவர் அங்கே தனியாக என்ன செய்வார் என்று நான் யோசித்தேன். ஆனால் அது என் வேலை இல்லை. என் வேலை குளியலறையில்.

போய்ப் பார்த்தேன். தரைக் குழிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய வளைவில் தண்ணீர் நின்றது. கழிப்பறையின் அடிப்பக்கம் ஒழுகவில்லை. இணைப்புகளில் விரிசல் இல்லை. வெளியே செப்டிக் டேங்க் மூடியும் சரியாக அடைத்திருந்தது. வாடையும் இல்லை. மோந்து மோந்து பார்த்தேன், டெட்டால் வாசம்தான் வந்தது.

"இங்க ஒண்ணும் தப்பு தெரியலயே" என்றேன்.

குமார் மனைவியைப் பார்த்தான். கோபம் இல்லை. 'சொன்னேனே' என்கிற சோர்வுதான். நானும் பையைத் தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் கிளம்பிவிடுவோம். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, டாக்ஸி வரப்போகிறது, குடும்ப விஷயம், நமக்கென்ன.

மா தீரி வழியை விட்டு நகரவில்லை.

"ஊலே, இப்ப மீ இல்ல. மீ வந்தாத்தான் நாத்தம் வரும்."

மீ என்று அவர் சொன்னது மின்சாரத்தை. இப்போது யாங்கோனில் கரண்ட் வருவதும் போவதும் எப்படி என்று நான் சொல்ல வேண்டாம். வந்ததும் தெருவே சத்தம் போட்டுக்கொண்டு எழுந்து, பம்ப் போட்டு, துணி துவைத்து, சோறு பொங்கி, போனுக்கு சார்ஜ் ஏற்றும்.

மனைவிக்கும் கேட்கட்டும் என்று குமார் பர்மியத்திலேயே எனக்கு விளக்கினான். "அது ஃபேன்ணே. மீ வந்தா ஃபேன் சுத்தும். அப்பா படுக்கைல இருக்கற வாடைய அது வீடு முழுக்கப் பரப்பும். அதான் இப்பல்லாம் அவர் ஃபேனே போட வேண்டாம்னுடறார்."

சித்திரை வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே ஒரு மனிதர் ஃபேன் வேண்டாம் என்று படுத்திருக்கிறார்.

மா தீரி மறுத்தார். "ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு அவரைக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னிக்கு நான் ரூமைக் கழுவினேன். மெத்தை வெளியே வெயில்ல. அவரும் வீட்டுல இல்ல. தரை காயட்டும்னு ஃபேன் போட்டேன். வாஷிங் மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. நாத்தம் வந்துச்சு. மெத்தையும் இல்ல, ஆளும் இல்ல, நாத்தம் மட்டும் எங்கேர்ந்து வரும்?"

"சுவத்துல ஊறியிருக்கும்னு சொன்னேன்ல?"

"சுவத்துல ஊறினா மீ இல்லாதப்பவும் நாறணும்."

பிள்ளைகளே, ஒரு வருஷம் படித்தாலும் பிடிபடாத விஷயத்தை அந்த அம்மா வாசல்படியில் நின்று சொல்லிவிட்டார். வாடை எப்போது வருகிறது, எப்போது வரவில்லை, எதை எடுத்த பிறகும் நிற்கவில்லை என்று பார்த்து வைத்திருந்தார். நான் பையைக் கீழே வைத்தேன். வாஷிங் மெஷின் தண்ணீரை ஒரேயடியாகத் தள்ளும்போது அது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் முன்னால் தள்ளும். அந்தக் காற்று எங்கோ வெளியே வருகிறது.

"இந்த பாத்ரூமுக்கு வென்ட் பைப் எங்க போகுது?" என்று கேட்டேன். கழிவுக் குழாய் மூச்சு விட மேலே போகும் குழாயைத்தான் கேட்டேன்.

குமார் யோசித்தான். "கூரைல ஓட்ட போட்டா மழைல ஒழுகும்னு நான்தான் வேண்டாம்னேன். கட்டினவரு பரணுக்குள்ளயே ஏதோ வால்வு வச்சு முடிச்சுடலாம்னாரு."

அப்படி வைப்பது தப்பில்லை. குழாய்க்குள் தண்ணீர் இறங்கும்போது அந்த வால்வு வெளிக்காற்றை உள்ளே விடும். தண்ணீர் நின்றதும் உள்ளே இருக்கும் ரப்பர் தட்டு விழுந்து மூடிக்கொள்ளும். காற்று உள்ளே போகலாம், நாற்றம் வெளியே வரக்கூடாது. அவ்வளவுதான் அதன் வேலை.

ஏணியை நடைவழியில் பரண் வாய்க்கு நேராகச் சாத்தினோம். நான் கால் வைக்கும்போது அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

"தம்பி, இங்க வா."

வீராசாமி ஐயா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, புது லோன்ஜி, நெற்றியில் விபூதி. பயணத்துக்குத் தயார் செய்திருந்தார்கள். அந்தக் காலத்தில் போட்டாதாங் அரிசிக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். மூட்டையைப் பிரிக்காமலேயே முகர்ந்து, ஈரம் பட்ட அரிசி எது என்று சொல்லிவிடுவாராம். இது அப்புறம் தெரிந்துகொண்டது. அன்று நான் பார்த்தது அவர் உதட்டைத்தான். வெடித்துத் தோல் உரிந்திருந்தது.

மருமகளுக்குப் புரியாமல் இருக்க அவர் பர்மியம் கலக்காத தமிழில், மெதுவாகப் பேசினார்.

"நீ வீணா மேல ஏறாத. நாத்தம் என்கிட்டேர்ந்துதான் வருது."

"ஐயா, பாக்காம அப்படிச் சொல்லக்கூடாது."

"கேளு. டியூஷனுக்கு வர்ற புள்ளைங்க மூக்கப் பொத்திக்கிட்டு சிரிக்குது. இங்க எல்லாம் காதுல விழும். நாலு புள்ளைங்க நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு ஒரு வார்த்த என்னச் சொல்லல. தெனம் தொடைக்கிறா, கழுவுறா. அவ கையெல்லாம் புண்ணாப் போச்சு. நான் போயிட்டா அவ நிம்மதியா இருப்பா. அதுக்குத்தான் போறேன். ஆத்துக் காத்துக்கு இல்ல."

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"நான் தண்ணி குடிக்கறத நிறுத்திப் பாத்தேன். சாப்பாட்டையும் கொறச்சேன். அப்பவும் நிக்கல தம்பி. இத அவங்ககிட்டச் சொல்லிடாத."

என் மகனிடம்கூடச் சொல்லாத ஒன்றை இப்போது உங்களிடம் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்குப் பயமாக இருந்தது. நோயாளி, கடும் வெயில், தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார், படகில் போகப் போகிறார். சொல்லாதே என்கிறார். சொன்னால் மனம் உடைந்துபோவார். சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. குழாய்க்காரன் இதில் என்ன செய்வது?

"ஐயா, நான் வாக்குக் குடுக்கல" என்றேன். "ஆனா நான் மேல போய்ட்டு எறங்கி வர்ற வரைக்கும் யாருகிட்டயும் ஒண்ணும் பேச மாட்டேன். அதுவரைக்கும் நீங்களும் பெட்டியத் தூக்காதீங்க."

அவர் நல்ல கையை மட்டும் 'போ' என்பதுபோல் அசைத்தார்.

பரணுக்குள் நிமிர முடியாது. தகரம் தலைக்கு மேலே அடுப்புச் சட்டி போலக் காய்ந்தது. உத்தரக் கட்டைகள் மேல் முழங்காலை மாற்றி மாற்றி வைத்து ஊர்ந்தேன். தவறிக் கால் வைத்தால் சீலிங் பலகையோடு கீழே விழுவேன். டார்ச் வெளிச்சத்தில், பெரியவர் அறைக்கு நேர்மேலே, சுவர் ஓரத்தில் அந்த வால்வு தெரிந்தது. அதற்கு ஓரடி தள்ளி சீலிங்கில் ஒரு துளை, கீழே தொங்கும் ஃபேனின் கொக்கிக்காகப் போட்டது. துளையைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஃபேன் சுற்றும்போது பரணில் நிற்கும் காற்றை அந்த வழியாகத்தான் கீழே இழுக்கும். அதன் வழியாக அவர் கட்டிலில் விரித்த துப்பட்டியின் பூக்கூடத் தெரிந்தது.

வால்வின் மூடியைக் கழற்றினேன். ரப்பர் தட்டு பல கோடைகளின் சூட்டில் வெந்து, ஓரம் சுருண்டு, பொரித்த அப்பளம் போல் நின்றது. விரலால் அழுத்தினால் மூடுகிறது, எடுத்தால் மறுபடி எழும்பித் திறந்துகொள்கிறது.

கத்த வேண்டும் போல் இருந்தது. 'குமார், கெடச்சிருச்சு, பெட்டிய உள்ள வை' என்று சொல்ல வாய் திறந்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். கெட்டுப்போன வால்வைக் கண்டுபிடித்தேன், சரி. அறைக்கு வரும் நாற்றத்துக்கு அதுதான் காரணம் என்று நான் இன்னும் பார்க்கவில்லை. அவசரப்பட்டுச் சொல்லி, பெரியவரை இருக்கச் செய்து, நாளை கரண்ட் வந்து பழையபடி நாற்றம் வந்தால் என்ன ஆகும்? 'குழாய்க்காரரும் பார்த்துவிட்டார், குழாயில் இல்லை, அப்படியென்றால் நான்தான்' என்று அவர் முடிவு கட்டிவிடுவார். அதன் பிறகு யார் சொன்னாலும் தண்ணீர் குடிக்க மாட்டார். மற்ற வீடுகளில் நாம் ஒரு தடவை தவறினால் மறுநாள் போய்த் திருத்தலாம். இங்கே மறுநாள் கிடையாது.

கரண்ட் வரும் வரை காத்திருக்கவும் முடியாது. டாக்ஸி வந்துகொண்டிருக்கிறது.

பரண் வாய் வழியாகத் தலையை நீட்டி, "மா தீரி, காய்கறி வாங்கற மெல்லிசு பிளாஸ்டிக் பை ஒண்ணு குடுங்க. பெரிய வாளியில தண்ணி ரொப்பி வைங்க" என்றேன். "குமார், நீ ஏணில ஏறி வா. தலை மட்டும் உள்ள வந்தா போதும்."

"என்னண்ணே பண்றீங்க? ஊதுபத்தி கொளுத்தித் தரவா? பொக எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கலாம்."

"நெருப்பு வேண்டவே வேண்டாம். இந்த வாயு பத்திக்கும்."

நல்ல யோசனைதான் அவனுடையது, இடம்தான் தப்பு. கழிவுக் குழாய்ப் பக்கம் நீங்கள் எந்தக் காலத்திலும் தீக்குச்சி உரசாதீர்கள்.

மூடியை மறுபடி போட்டு, பையை நன்றாக நசுக்கிக் காற்றை எடுத்துவிட்டு, வால்வுக்கு மேல் கவிழ்த்து ரப்பர் பேண்டு சுற்றினேன். குமாரின் தலை தெரிந்தது. டார்ச்சை அவனிடம் கொடுத்தேன்.

"இந்தப் பையப் பாரு. வால்வு நல்லா இருந்தா பை உள்பக்கம் உறிஞ்சி ஒட்டிக்கும். கெட்டிருந்தா என்ன ஆகும்னு நீயே சொல்லு. மா தீரி, ஊத்துங்க!"

கீழே கழிப்பறையில் வாளித் தண்ணீர் தடதடவென்று இறங்கியது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுருங்கிக் கிடந்த பை அசைந்து, நிமிர்ந்து, பந்து போல் உப்பி நின்றது.

குமார் கீழே குனிந்து, மனைவியிடம் பர்மியத்தில் சொன்னான். "இன்னொரு வாளி ஊத்து."

பையை எடுத்து நசுக்கி மறுபடி கட்டினேன். மறுபடி உப்பியது. இந்தத் தடவை கட்டை இறுக்கி, காற்று போகாமல் முறுக்கிப் பையைக் கழற்றிக்கொண்டேன். ஓரத்தில் தப்பி வந்த துளியே போதுமாக இருந்தது. குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதே நாத்தம்தான்ணே" என்றான். ஏணியில் நின்றபடியே நெற்றியைப் பரண் சட்டத்தில் சாய்த்தான். "எங்கப்பாகிட்ட நான் இப்ப என்னண்ணே சொல்லுவேன்?"

"நீ ஒண்ணும் சொல்லாத. அவர் மூக்கு சொல்லட்டும்."

நாங்கள் மூன்று பேரும் அறைக்குள் போனோம். ஐயா எங்கள் முகங்களைப் பார்த்துக் குழம்பினார். கையில் உப்பிய பையைப் பிடித்துக்கொண்டு வியர்வையும் ஒட்டடையுமாக நின்ற என்னைப் பார்த்து அவருக்குச் சிரிப்புக்கூட வந்திருக்கும்.

"ஐயா, மன்னிக்கணும். இத ஒரு தடவ மோந்து பாருங்க. மேல பைப்லேர்ந்து பிடிச்சது."

எட்ட நின்று முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவர் தலையை முன்னால் நீட்டினார். கண்ணை மூடினார். அரிசி மூட்டைகளுக்கு முன் எத்தனை வருஷம் அப்படி நின்றிருப்பாரோ, முகமே மாறிவிட்டது. ஒரு மூச்சு. இன்னொரு சின்ன மூச்சு.

"இதுதான்" என்றார்.

கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "நான் இல்ல" என்றார்.

இரண்டே வார்த்தை. அதைச் சொல்லும்போது அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. நோயால் கோணியதா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. மா தீரிக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் அந்த இரண்டு வார்த்தையும் அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய விழுந்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அப்பா இல்ல, அப்பா இல்ல" என்று தமிழிலேயே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"எனக்கு மொதல்லயே தோணிச்சு" என்றார் ஐயா. "மனுச வாட வேற மாதிரி இருக்கும். ஆனா சொந்த உடம்பப் பத்தித் தன் மூக்கையே நம்ப முடியுமா, சொல்லு? நாலு பேரு ஒண்ணு சொன்னா அதுதானே சரியா இருக்கும்னு விட்டுட்டேன்." பிறகு மருமகளிடம் பர்மியத்தில், "தீரி, தண்ணி குடும்மா" என்றார்.

மா தீரி எழுந்து ஓடினார். செம்பு நிறைய வந்தது. ஐயா நிறுத்தாமல் குடித்தார், கழுத்து வழியாக வழிந்து வெளுத்த சட்டை நனைந்தது. இன்னும் வேண்டும் என்றார். அப்போது மா தீரி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது. அனுப்பிவிட்டு வருகிறேன் என்று குமார் வாசலுக்கு ஓடினான்.

"எங்க ஓடறான் அவன்? வண்டிய நிக்கச் சொல்லு" என்று ஐயா குரல் கொடுத்தார். "எம்மவ அங்க மீன் கொழம்பு வச்சிட்டுக் காத்திருப்பா. போய்ச் சாப்பிட்டுட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வந்துருவோம். பெட்டியையும் மெத்தையையும் மட்டும் உள்ள எடுத்து வை."

அப்படித்தான் போனார்கள். அவர் டாலாவுக்குப் போனது விருந்தாளியாக. மகன் சக்கர நாற்காலியை மட்டும் டாக்ஸியில் ஏற்றினான்.

வேலை பாக்கி இருந்தது. அதே மாதிரி வால்வு அன்று ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. குழாய் வாயை ஒரு மூடி போட்டு அடைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மாலையில் ஐயாவோடு திரும்பி வந்ததும் குமாரும் கேட்டான். அடைத்தால் அன்றைக்கு நாற்றம் நிற்கும். ஆனால் குழாய் மூச்சு விட வழியில்லாமல், வளைவுகளில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். ஒரு துளைக்குப் பதில் வீட்டில் இருக்கும் எல்லாத் துளையிலும் நாற்றம் வரும். அன்றைக்குப் பழைய ரப்பரைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, நிமிர்த்தி, ஒருவாறு உட்கார வைத்தேன். மறுநாள் வந்து, வால்வையே எடுத்துவிட்டுக் குழாயைப் பக்கச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோய்க் கூரை விளிம்புக்கு மேலே நிறுத்தினேன். கூரையில் ஓட்டை இல்லை, மழைக்கும் பயமில்லை. ஃபேன் கொக்கியைச் சுற்றியிருந்த இடைவெளியையும் அடைத்தேன்.

ஒன்றை மறக்காமல் செய்தேன். அந்தக் குளியலறையைக் கட்டியவரைக் குமார் திட்டத் தொடங்கியபோது நிறுத்தினேன். அவர் வைத்தது நல்ல வால்வுதான். தகரத்துக்கு அடியில் அந்தச் சூட்டை ரப்பர் தாங்கவில்லை. நாம் வைத்துவிட்டு வந்தவற்றையும் யாரோ ஒருநாள் திறந்து பார்ப்பார்கள். அவர்களும் நம்மைப் பற்றி நியாயமாகப் பேசட்டும்.

ஏணியை மடக்கிக்கொண்டிருக்கும்போது தெருமுனையிலிருந்து "மீ லாபி!" என்று குழந்தைகளின் கூச்சல் வந்தது. கரண்ட் வந்துவிட்டது. மா தீரி வாஷிங் மெஷினில் தண்ணீரை நிரப்பி ஒரேயடியாக வெளியேற்றினார். ஐயாவின் அறையில் குமார் ஃபேனைப் போட்டான். டியூஷனுக்கு வந்திருந்த பிள்ளைகள், குமார், மா தீரி, நான், எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளேயிருந்து ஐயாவின் குரல் கேட்டது. "என்ன, எல்லாம் மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கறீங்க? போய் வேலையப் பாருங்க. நான் தூங்கணும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தத் தடவை யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

கிளம்பும்போது மா தீரி கை கூப்பி நன்றி சொன்னார். நானும் சொன்னேன்: "நேத்து நீங்க வழிய மறிச்சு நிக்காம இருந்தா நான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். ஐயாவும் டாலாவுக்கு ஒரேயடியாப் போயிருப்பார். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

அவர் சிரித்தார். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, அதன் நடுவே வியர்வைக் கோடு. கை விரல்கள் சோப்பிலும் டெட்டாலிலும் வெந்து சிவந்திருந்தன.

"நீங்க போயிருந்தா அந்த ஏணில நானே ஏறியிருப்பேன், ஊலே" என்றார். "என்ன பாக்கணும்னு தெரியாது. ஆனா ஏறியிருப்பேன்."

அவர் ஏறியிருப்பார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பிள்ளைகளே, எத்தனையோ வீடுகள் எனக்கு வேலை கொடுத்தன. பிறர் பார்க்கக் கூச்சப்படும் மூலைகளை எல்லாம் எனக்குத் திறந்து காட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன் மகனிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார், நான் குழாய் பார்க்க வந்தவன் என்பதற்காக மட்டும். படிப்பு இல்லாத எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு எந்தத் தொழிலில் கிடைத்திருக்கும்? நீங்கள் ஒரு வீட்டுக்குப் போய் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பையைத் தூக்கும்போது, யாராவது வாசலை மறித்துக்கொண்டு "இன்னும் ஒரு தடவை பாருங்க" என்று சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். பையைக் கீழே வையுங்கள். அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஏணியைக் கேளுங்கள்.